ஸ்டார் மதிப்பெண் இறங்கிவிட்டது, டிஸ்ட்ரிக்ட் மாற வேண்டுமா?

முல்லை

எல்லோருக்கும் வணக்கம். டெக்ஸஸில் ஒரு நடுத்தர அளவு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பதினொரு வருடமாக இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்குப் போகிறான். மகள் மூன்றாம் வகுப்பு முடித்தாள், அவளுக்கு இதுதான் முதல் ஸ்டார் தேர்வு, அதாவது மாநிலம் வருடா வருடம் வைக்கும் தேர்வு.

ஸ்கூல்களுக்கான ஏ முதல் எஃப் வரையான தர எழுத்துகள் வந்துவிட்டன. 2022இல் எங்கள் மிடில் ஸ்கூலுக்கு ஏ. இப்போது சி. ஏழாம் வகுப்புக் கணிதத்தில் 'மீட்ஸ்' (வகுப்புக்கு உரிய தரம்) நிலையை எட்டிய பிள்ளைகளின் சதவீதத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என் மகனும் ஆறாம் வகுப்பில் அதற்கு மேலான 'மாஸ்டர்ஸ்' வாங்கியவன், இந்த முறை 'மீட்ஸ்'தான். மகளுக்கு வாசிப்புத் தாளில் எழுதிய பதில் ஒன்றுக்குப் பூஜ்யம் விழுந்திருக்கிறது.

தெருவில் இரண்டு குடும்பங்கள் வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கின்றன. என் கணவரும் பக்கத்து டிஸ்ட்ரிக்டில் பார்க்கலாம் என்கிறார். அங்கே வீட்டு விலை அதிகம், கடன் வட்டியும் இப்போது அதிகம். பிள்ளைகள் படிப்புக்கு என்றால் அதையும் சமாளிக்கலாம். ஆனால் ஸ்கூல் உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது எண் மட்டும் மாறியதா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனைமரம்

யோசிக்காதீர்கள், மாறிவிடுங்கள். நாங்கள் மூன்று வருடம் முன்பு இதே காரணத்துக்காக மாறினோம். வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது, ஆனாலும் வருத்தம் இல்லை. கடனைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பு திரும்பி வராது.

கணக்கன்

முல்லை அக்கா, அவசரப்பட வேண்டாம். எண்களோடு வேலை செய்பவன் நான். தர எழுத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பயம் அதில்தான் இருக்கிறது.

2022இல் கொடுத்த ஏவும் இப்போதைய சியும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. 2023இல் மாநிலக் கல்வித் துறை எல்லைக்கோடுகளை மேலே தூக்கியது. ஹைஸ்கூல்களுக்கு, கல்லூரி, வேலை, ராணுவம் ஆகியவற்றுக்குத் தயாரான மாணவர்கள் என்ற பிரிவில் முன்பு 60 இருந்தால் ஏ கிடைக்கும், இப்போது 88 வேண்டும். மற்ற நிலைகளிலும் கோடுகள் நகர்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் வழக்குப் போட்டதால்தான் 2023ஆம் வருடத் தரம் 2025 ஏப்ரல் வரை வெளிவராமல் கிடந்தது. தேர்வும் அதே 2023இல் மாறியது. முழுக்க கணினியில் வந்தது, விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள் முக்கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது, எழுதிக் காட்டும் கேள்விகள் கூடின. ஆகவே ஏ சி ஆனது என்பதை வைத்து மட்டும் ஸ்கூல் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்தது சதவீதம். ஒரு ஸ்கூலில் நூறு பிள்ளைகள், அறுபது பேர் மீட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு வருடம் அதே நூறு பேரில் 62 பேர் மீட்ஸ். அதாவது ஸ்கூல் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் புது அடுக்குமாடி ஒன்று கட்டி, இருபது புதுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர்தான் மீட்ஸ். மொத்தம் 120 பேரில் 67, கிட்டத்தட்ட 56 சதவீதம். பேப்பரில் 60 என்பது 56 ஆகிவிட்டது. ஒரு பிள்ளைகூடப் பின்னால் போகவில்லை, ஆனால் வீடு விற்பவர்கள் வரிசை கட்டிவிடுவார்கள்.

அதற்காக எல்லாம் மாயை என்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் உண்மையான சரிவு இருக்கிறது. நேப் என்ற தேசியத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணிதச் சராசரி 2019இல் 282. 2022இல் 274 ஆனது. 2024இலும் அதே 274தான். உங்கள் டிஸ்ட்ரிக்ட் அதோடு சேர்ந்து இறங்கியதா, தனியாக இறங்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

புதுவரவு

இடையில் ஒரு சந்தேகம், மன்னியுங்கள். மகளை இந்த வருடம் கிண்டரில் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருடம்) சேர்க்கிறோம். வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தமிழ் என்று எழுதினால் ஈ.எஸ்.எல். வகுப்பில் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) போட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்றே எழுதிவிடு என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

வகுப்பறை

புதுவரவு, உண்மையை எழுதுங்கள். நான் டெக்ஸஸில் மிடில் ஸ்கூல் கணித டீச்சர், பதினான்கு வருடம். தமிழ் என்று எழுதினால் குழந்தைக்கு ஓர் ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள், அவ்வளவுதான். நன்றாகப் பேசினால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று வந்தாலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் கொஞ்சம் பின்தங்கியிருப்பது குறையே அல்ல. வீட்டில் பேசும் மொழியைப் படிவத்தில் ஒளித்து வைக்கும் பழக்கம் குழந்தைக்கும் தெரிந்துவிடும், அதுதான் எனக்கு வருத்தம்.

முல்லை, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மகன் அட்வான்ஸ்டு கணித வகுப்பிலா இருக்கிறான்? அப்படி என்றால் அவன் எழுதியது எந்த வகுப்புத் தாள் என்று அறிக்கையில் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.

நெய்தல்

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன். இந்த மாதிரி இழைகளில் எல்லோரும் கடைசியில் "தேர்வு ஒரு பொருட்டே இல்லை" என்று வந்து நிற்பார்கள். எனக்கு அது பொருட்டு.

என் மகன் இரண்டாம் வகுப்பு வரை ரிப்போர்ட் கார்டில் எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல். டீச்சர்கள் அன்பானவர்கள். "நல்ல பையன், அமைதியானவன்" என்பார்கள். அவனுக்கு வாசிக்கவே வரவில்லை. படத்தைப் பார்த்து, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, நினைவில் வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பு ஸ்டார் அறிக்கையில் அடிமட்ட நிலை வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) சோதனை வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன். அந்த ஒரு தாள் இல்லையென்றால் அவன் ஐந்தாம் வகுப்பு வரை அமைதியான பையனாகவே போயிருப்பான்.

இந்த மாநிலத்தின் வரலாறு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2004 முதல் பல வருடங்கள், சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது போல ஓர் அளவை வைத்து மாநிலம் டிஸ்ட்ரிக்டுகளைக் கண்காணித்தது. உதவி வேண்டிய எத்தனையோ பிள்ளைகளைச் சோதிக்காமலே விட்டார்கள். அது சட்டமீறல் என்று 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. இதே மாநிலத்தின் எல் பாஸோ நகர டிஸ்ட்ரிக்டில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வில் சதவீதம் குறையும் என்று, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்தினார்கள், அல்லது பத்தைத் தாண்டிப் பதினொன்றில் உட்கார வைத்தார்கள். தேர்வு நாளில் அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இல்லை. டிஸ்ட்ரிக்டின் தலைவரான சூப்பரின்டெண்டன்டுக்கு 2012இல் மூன்றரை வருடச் சிறை. ஆனால் பள்ளியை விட்டே போன பிள்ளைகளுக்கு அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

தேர்வு தவறு செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணிக்கையில் இல்லாத பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள்.

வகுப்பறை

நெய்தல் அக்கா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எண்ணிக்கை வகுப்புக்குள் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஸ்கூலில் ஜனவரி வந்தால் ஒரு பட்டியல் வரும். கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளின் பட்டியல். 'பபிள் கிட்ஸ்' என்போம். அவர்களைத் தனியாக எடுத்துப் பயிற்சி கொடு, மூன்று கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டால் கோட்டைத் தாண்டிவிடுவார்கள் என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் என் வகுப்பில் அந்தப் பட்டியலுக்கு வெகு கீழே ஒரு பெண் இருந்தாள். பின்னம் கூட்டத் தெரியாது. அந்த வருடம் நன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஆனால் என்ன செய்தாலும் அவள் கோட்டைத் தொடப் போவதில்லை, அதனால் அவளுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேலே இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான், அவர்கள் எப்படியும் தாண்டிவிடுவார்கள். சதவீதம் என்ற ஒற்றை எண்ணைத் துரத்தினால் வகுப்பில் ஆறு பேருக்கு மட்டும் பாடம் நடக்கும்.

அந்தப் பெண்ணின் முன்னேற்றம் எங்கே தெரியும் என்றால், வளர்ச்சி மதிப்பெண்ணில். டெக்ஸஸ் தரத்தில் மூன்று பகுதிகள் உண்டு. சாதனை, முன்னேற்றம், இடைவெளி குறைப்பு. முதல் இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அது 70 சதவீதம், மூன்றாவது 30 சதவீதம். வெளியே எல்லோரும் பார்ப்பது எழுத்தை மட்டும். உள்ளே போய் முன்னேற்றப் பகுதியைத் திறந்து பாருங்கள். சென்ற வருடம் இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நகர்ந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. அதே வசதிநிலை உள்ள மற்ற ஸ்கூல்களோடு ஒப்பிட்ட மதிப்பும் அங்கே உண்டு.

பனைமரம்

டீச்சர் சொல்வது புரிகிறது. ஆனாலும் என் பிள்ளை யாரோடு உட்கார்கிறான் என்பதும் முக்கியம் இல்லையா? சராசரி உயர்ந்த ஸ்கூலில் பேச்சே வேறு. ரோபாட்டிக்ஸ், கணித வட்டம் எல்லாம் இருக்கிறது. எண்ணைக் கழித்துவிட்டாலும் இது மிச்சம் இருக்கும்.

கணக்கன்

அண்ணா, அது நியாயமான காரணம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அதை "நன்றாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்பதோடு குழப்பக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளரின் குழு நாடு முழுவதும் உள்ள டிஸ்ட்ரிக்டுகளின் தேர்வு முடிவுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. சராசரி மதிப்பெண்ணும் குடும்பங்களின் வசதியும் கையோடு கை கோர்த்துப் போகின்றன. ஆனால் வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்ற வளர்ச்சி வேகத்துக்கும் வசதிக்கும் உறவு மிகக் குறைவு. நல்ல உதாரணம் சிகாகோ. 2009 முதல் 2014 வரை அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டுச் சராசரிக்கு நன்றாகப் பின்னால் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பு வருவதற்குள், ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்து வீடு வாங்கும் எவரும் அந்த ஸ்கூல்களின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள்.

சராசரி என்பது பெரும்பாலும் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வரும்போதே வீட்டிலிருந்து கொண்டு வந்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அக்கம்பக்கத்தை. அது வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் டீச்சர்களை வாங்கியதாக நினைக்காதீர்கள்.

முல்லை

வகுப்பறை டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விதான் கேள்வி. அறிக்கையைத் திறந்து பார்த்தேன். தலைப்பிலேயே இருக்கிறது, நான்தான் நிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். என் மகன் எழுதியது எட்டாம் வகுப்புக் கணிதத் தாள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எட்டாம் வகுப்புத் தாளில் மீட்ஸ் வாங்கியிருக்கிறான். நான் அவனிடம் ஏன் இறங்கினாய் என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டான். இன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் புரட்டி, மன்னிப்புக் கேட்டேன்.

அப்படி என்றால் ஏழாம் வகுப்புச் சதவீதத்தில் அவன் இல்லையே?

வகுப்பறை

இல்லை. அதனால்தான் கேட்டேன். அட்வான்ஸ்டு வகுப்புப் பிள்ளைகள் பல டிஸ்ட்ரிக்டுகளில் ஏழில் எட்டாம் வகுப்புத் தாளும், எட்டில் 'அல்ஜிப்ரா ஒன்று' என்ற ஹைஸ்கூல் பாடத்தின் இறுதித் தேர்வும் எழுதுவார்கள். ஏழாம் வகுப்புத் தாளை எழுதுபவர்களில் கணிதத்தில் வேகமான பிள்ளைகள் இருக்கவே மாட்டார்கள். மாநிலம் முழுவதுமே ஏழாம் வகுப்புக் கணிதச் சதவீதம் தாழ்ந்து தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

2023இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தானாகவே அட்வான்ஸ்டு வகுப்பில் சேர்க்க வேண்டும், வேண்டாம் என்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். என் பார்வையில் இந்த மாநிலத்தில் அண்மையில் வந்த நல்ல சட்டங்களில் இது ஒன்று. முன்பெல்லாம் கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அந்த வகுப்பு. ஆனால் இதனால் ஏழாம் வகுப்புத் தாளிலிருந்து இன்னும் நிறையப் பிள்ளைகள் வெளியே போகிறார்கள், சதவீதம் இன்னும் விழும். நல்லது நடந்ததற்கு ஸ்கூல் பெயர் கெடுகிறது.

மகளின் பூஜ்யத்தையும் விட்டுவிடாதீர்கள். மாநிலத்தின் குடும்பங்களுக்கான தளத்தில், அறிக்கையில் உள்ள குறியீட்டைப் போட்டால் ஒவ்வொரு கேள்வியும் அவள் எழுதிய பதிலும் தெரியும். எழுத்துப் பதில்களை இப்போது முதலில் திருத்துவது கணினி, ஒரு பகுதியைத்தான் மனிதர்கள் மறுபடி பார்க்கிறார்கள். பதிலைப் படித்துப் பாருங்கள். நியாயமில்லை என்று தோன்றினால் டிஸ்ட்ரிக்ட் வழியாக மறுமதிப்பீடு கேட்கலாம்.

நெய்தல்

முல்லை, மகன் விஷயம் சரியானது சந்தோஷம். ஆனால் ஏழாம் வகுப்புத் தாளை எழுதிய மற்ற பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். வேகமானவர்களைக் கழித்த பிறகு மீதி இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள்? "கலவை மாறிவிட்டது" என்று சொல்லி டிஸ்ட்ரிக்ட் தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வருகையையும் கேளுங்கள். பத்து சதவீத நாட்கள், அதாவது 180 நாளில் 18 நாள் வராத பிள்ளைகள் நாட்டில் 2018-19இல் 15 சதவீதம், 2021-22இல் 28 சதவீதம். வராத பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. டெக்ஸஸில் வருகையை வைத்துத்தான் ஸ்கூலுக்குப் பணமே வருகிறது, ஆகவே பிள்ளை வராத இடத்தில் டீச்சருக்கும் காசு இல்லாமல் போகிறது.

பனைமரம்

நெய்தல் சொல்வது சரி. நான் மாறியபோது இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாறியிருப்பேனோ என்னவோ. ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

முல்லை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மகளின் பதிலைப் படித்தேன். கேள்வி ஒரு கதாபாத்திரம் ஏன் மனம் மாறியது என்று கேட்கிறது, அவள் கதையை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறாள். பூஜ்யம் கடுமைதான், ஆனால் அவள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மறுமதிப்பீடு கேட்கவில்லை. தினமும் ராத்திரி ஒரு பக்கம் படித்துவிட்டு "ஏன்" என்று பேசிக்கொள்கிறோம்.

டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனேன். பேசப் பயமாக இருந்தது, மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். இரண்டே கேள்வி கேட்டேன். ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் எட்டாம் வகுப்புத் தாள் எழுதினார்கள்? ஏழாம் வகுப்புத் தாள் எழுதியவர்களின் வளர்ச்சி என்ன? கூட்டத்தில் பதில் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் மின்னஞ்சலில் அனுப்பினார்கள், அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேல் தாள் எழுதிய பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஏழாம் வகுப்புத் தாள் எழுதிய பிள்ளைகளின் வளர்ச்சி இறங்கியிருக்கிறது. கலவை மாறியதால் மட்டும் அல்ல. தனித்தனிப் பிள்ளைகளே சென்ற வருடத்தைவிடப் பின்னால் போயிருக்கிறார்கள். காரணத்தை விசாரித்தேன். இரண்டு கணித டீச்சர்கள் அக்டோபரில் விலகிவிட்டார்கள். வருடம் முழுக்க அந்த இரண்டு வகுப்பிலும் தற்காலிக ஆசிரியர்கள். அவர்களில் ஒருவருக்குக் கணிதமே பாடம் இல்லை.

நாங்கள் மாறவில்லை. என் கணவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. என் மகனின் அட்வான்ஸ்டு வகுப்புக்கு மட்டும் நிரந்தர டீச்சர் இருந்திருக்கிறார். பக்கத்து அறையில் யாரும் இல்லை.

வகுப்பறை

எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2023-24இல் டெக்ஸஸில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சான்றிதழே இல்லை. காலியிடம் வந்தால் டிஸ்ட்ரிக்ட் முதலில் அட்வான்ஸ்டு வகுப்பை நிரப்பும், ஏனென்றால் அந்தப் பெற்றோர்தான் மின்னஞ்சல் அனுப்புவார்கள். 2027-28இல் ஸ்டார் போய், வருடத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று சின்னத் தேர்வுகள் வருகின்றன. டீச்சர் இல்லாத வகுப்பு என்றால் இனி ஜனவரியிலேயே அந்த எண்ணில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கேட்க ஆள் வேண்டும்.

அந்த இரண்டு இடங்களும் இந்த வருடம் நிரம்பிவிட்டனவா என்று கேட்டீர்களா?

முல்லை

ஒன்று நிரம்பியது. இன்னொன்று இன்னும் காலி. அடுத்த கூட்டத்துக்குப் பேசுவோர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டேன். அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா எங்கள் தெருவிலேயே இருக்கிறார், வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். அவரும் என்னோடு வருகிறார்.